புதிய ஸ்டீல்பானில் ஒரு சுரம் மட்டும் ஒட்டவில்லையா? அறிகுறி பார்த்துக் குறை தேடும் வழி

ஸ்டீல்பான் என்பது இரும்பு டிரம்மின் தட்டைக் குழித்துச் செய்த, ரப்பர் முனைக் கோலால் தட்டி வாசிக்கும் கருவி. பினாங்கில் அதை வாங்கும் பலருக்கும் கடையில் தட்டிப் பார்த்து வாங்கும் வசதி இல்லை. இணையத்தில் பார்த்துப் பணம் கட்டுவார்கள், பெட்டி கொரியரில் வந்து இறங்கும். பிரித்து நாலு தட்டு தட்டியதும் இருபத்தெட்டு சுரங்களில் ஒன்று காதை உறுத்தும். உடனே எனக்கு வாட்சப்பில் குரல் பதிவு வரும்: "அண்ணே, இந்த ஒரு நோட்டு மட்டும் என்னவோ மாதிரி இருக்குண்ணே, கேட்டுப் பாருங்க." குரல் பதிவை வைத்து நான் எந்தத் தீர்ப்பும் சொல்வதில்லை. ஏன் என்பது கீழே வரும்.

அந்த "என்னவோ மாதிரி" பெரும்பாலும் சுரத்திலேயே இருப்பதில்லை. அடிகோலில் இருக்கும், தொங்கவிட்ட கயிற்றில் இருக்கும், பக்கத்துச் சுரத்தில் இருக்கும், தலைக்கு மேலே சுற்றும் காற்றாடியில்கூட இருக்கும். அதனால் தேடலை வெளியிலிருந்து தொடங்கி உள்ளே போக வேண்டும். சுரத்தின் மேல் பழி போடுவது கடைசி வேலை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுத்தியலைத் தொடாதீர்கள். கார் ஒடுக்கு எடுக்கும் பட்டறையில் தெரிந்தவர் இருக்கிறார், அவர் லேசாகத் தட்டிக் கொடுப்பார் என்று நினைக்கவே வேண்டாம். காரில் ஒடுக்கு எடுப்பவருக்குத் தகடு பழைய வடிவத்துக்கு வந்தால் போதும். பானில் ஒவ்வொரு சுரமும் தகட்டில் எழுப்பிய ஒரு சின்னப் புடைப்பு. அந்தப் புடைப்பின் வளைவும் அதைச் சுற்றியுள்ள தகட்டின் இறுக்கமும்தான் சுருதி. கண்ணுக்குத் தெரியாத அளவு அசைந்தாலே சுருதி மாறும், பக்கத்துச் சுரத்தையும் சேர்த்து இழுக்கும்.

ஒரு சுரத்துக்குள் மூன்று ஒலிகள்

டிரினிடாட்டில் எண்ணெய் டிரம்மின் அடித்தட்டைக் குழித்து உருவாக்கிய கருவி இது. 1992ல் அந்த நாடு இதைத் தன் தேசிய இசைக்கருவியாக அறிவித்தது. தொடக்க காலத்துப் பானில் ஒரு சுரத்துக்கு ஒரு சுருதி கிடைத்தாலே பெரிய காரியம். 1950களில் பெர்ட்டி மார்ஷல் போன்ற டியூனர்கள், அதாவது பானுக்குச் சுருதி சேர்ப்பவர்கள், அடிப்படை ஒலியோடு அதற்கு மேலே எழும் ஒலிகளையும் சேர்த்துச் சரிசெய்யத் தொடங்கினார்கள். இன்று நாம் கேட்கும் அந்தத் தெளிவு அங்கிருந்து வந்தது.

டெனர் பானின், அதாவது மெட்டு வாசிக்கும் உச்சச் சுருதிப் பானின், கீழ் சி சுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அடிப்படை ஒலி சுமார் 261.6 ஹெர்ட்ஸ். அதே புடைப்பிலிருந்து மேல் ஸ்தாயி சி, அதாவது 523 ஹெர்ட்ஸ், கூடவே எழும். அதற்கும் மேலே 785ஐ ஒட்டிய ஒரு ஜி. மூன்றும் கணக்காக நின்றால் காதுக்கு ஒரே சுரமாகக் கேட்கும். ஒன்று நழுவினால், சுருதி சரியாக இருந்தும் சுரம் "சரியில்லை" என்று தோன்றும். டியூனர் செயலி (சுருதி காட்டும் கைப்பேசிச் செயலி) பச்சை காட்டுகிறது, காது மட்டும் ஒப்பவில்லை என்பவர்களின் சிக்கல் பெரும்பாலும் இதுதான்.

சோதனைக்கு முன்

பெட்டியைத் திறக்கும்போதே வீடியோ எடுங்கள். வெயிலில் லோரிக்குள் கிடந்து வந்த பானை உடனே சோதிக்காதீர்கள். இரும்பு சூடேறினால் சுருதி இறங்கும், ஆறினால் திரும்பும். ஓர் இரவு வீட்டுக்குள் வைத்துவிட்டு மறுநாள் தட்டுங்கள். ஏர்கோன் அறையில் குளிர்ந்த பானைத் திடீரென வராந்தாவுக்குக் கொண்டுபோனால், நம் ஊர்க் காற்றின் ஈரத்துக்கு அதன் முகத்தில் பனித்துளி போலத் தண்ணீர் படியும். துடைத்துவிட்டு, கொஞ்ச நேரம் விட்டு வாசியுங்கள்.

"ர்ர்ர் என்று ஓர் அதிர்வு கூடவே வருகிறது"

எளிதில் பிடிபடும் குறை இது. பானை ஸ்டாண்டிலிருந்து எடுத்து, கயிற்றைக் கையால் பிடித்துத் தொங்கவிட்டு, இன்னொருவரைத் தட்டச் சொல்லுங்கள். அதிர்வு மறைந்தால் குற்றவாளி ஸ்டாண்டு. தளர்ந்த போல்ட்டு, வாஷர் இல்லாத நட்டு, ஆடும் உலோகக் கொக்கி என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். கொக்கியை எடுத்துவிட்டு நல்ல நைலான் கயிற்றைக் கட்டினாலே பல பான்கள் அமைதியாகிவிடும். பானின் பாவாடை, அதாவது பக்கவாட்டுச் சுவர், ஸ்டாண்டின் கையில் உரசுகிறதா என்றும் பாருங்கள்.

கையில் தொங்கும்போதும் அதிர்ந்தால், அடுத்து வீட்டைச் சந்தேகிக்க வேண்டும். சாமி மேடையில் இருக்கும் மணி, குத்துவிளக்கின் தட்டு, அடுப்படியில் அடுக்கிய எவர்சில்வர் தட்டுகள், பழைய வீட்டுச் சன்னலின் கண்ணாடிப் பட்டைகள், எல்லாமே தத்தம் சுருதிக்குக் காத்திருக்கும். குறிப்பிட்ட ஒரு சுரத்துக்கு மட்டும் பதில் கொடுக்கும் என்பதால் அந்தச் சுரமே கெட்டுவிட்டது போலத் தோன்றும். பானை வெளியே கொண்டுபோய்த் தட்டினால் ஒரு நிமிடத்தில் உண்மை தெரியும்.

வெளியிலும் அதிர்கிறதா? பாவாடையின் உள்பக்கம் ஸ்பாஞ்சுத் துண்டோ ஒட்டு நாடாவோ சிக்கியிருக்கலாம். அதுவும் இல்லையென்றால் குரோம் முலாமைப் பாருங்கள். ஓரம் எழும்பிய முலாம், தகட்டோடு ஒட்டாமல் தனியாகத் துடிக்கும். இது விற்றவரிடம் திருப்ப வேண்டிய குறை.

"மொத்தையாக இருக்கிறது" அல்லது "தகரம் மாதிரி கணகணக்கிறது"

இரண்டும் எதிரெதிர்ப் புகார்கள். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது ஒன்றைத்தான்: அடிகோல்.

டெனர் பானின் அடிகோல் குட்டையானது, முனையில் மெல்லிய ரப்பர். அதைவிடத் தாழ்ந்த சுருதியுள்ள டபுள் செகண்ட் பானுக்கு ரப்பர் கொஞ்சம் தடிமன், மென்மை. பேஸ் பானுக்குப் பந்து போன்ற முனை. தடித்த மென்மையான முனையால் டெனரின் உள்வட்டச் சின்னச் சுரங்களைத் தட்டினால் அவை வாய் திறக்காது. மாறாக, கடினமான முனையால் வெளிவட்டப் பெரிய சுரத்தை அடித்தால் மேலொலிகள் எல்லாம் ஒரேயடியாகக் கிளம்பிக் கணகணக்கும். மலிவாக வரும் பான்களோடு இலவசமாகத் தரும் அடிகோல்களை நான் நம்புவதில்லை. மருத்துவப் பொருள் கடைகளில் கிடைக்கும் லேடெக்ஸ் குழாயை வெட்டி முனையில் ஏற்றி, ஒரு சுற்றுக்கும் இரண்டு சுற்றுக்கும் ஒலி எப்படி மாறுகிறது என்று கேட்டுப் பாருங்கள். ரப்பர் தேய்ந்து மரம் எட்டிப் பார்க்கும் கோலால் மட்டும் ஒருபோதும் தட்டாதீர்கள்.

அடுத்து, தட்டும் இடம். புடைப்பின் நட்ட நடுவில் தட்டினால் அடிப்படை ஒலி மட்டும் உருண்டு வரும், மேல் ஸ்தாயி வராது. எல்லைக் கோட்டுக்குப் பக்கம் தட்டினால் வெறும் உலோகச் சத்தம். நடுவிலிருந்து சற்றே விலகிய இடத்தில் சுரம் முழுதாகக் கிடைக்கும். ஒவ்வொரு சுரத்துக்கும் அந்த இடம் கொஞ்சம் மாறும். மிருதங்கத்தில் மீட்டு விழும் இடத்தை விரல் தானாகக் கண்டுகொள்வதற்கு நாளாகிறது அல்லவா, இதற்கும் அந்தப் பொறுமை வேண்டும்.

கோலை மாற்றியும் இடத்தை மாற்றியும் ஒரு சுரம் மட்டும் சட்டென்று செத்துப்போகிறது என்றால், அது டியூனர் பார்க்க வேண்டிய சுரம்.

"அலை அலையாக ஏறி இறங்குகிறது"

இங்கேதான் நிதானம் வேண்டும், ஏனென்றால் காரணங்கள் பல.

முதல் வேலை, காற்றாடியை நிறுத்துங்கள். கூரைக் காற்றாடியோ மேசைக் காற்றாடியோ, சுற்றும் இறக்கையில் பட்டுத் திரும்பும் ஒலி வெட்டு வெட்டாகத் திரும்பும். நீண்டு ஒலிக்கும் சுரம் அப்போது நடுங்குவது போலவே கேட்கும். இதற்காகவே பானைத் திருப்பி அனுப்பக் கிளம்பியவர்கள் உண்டு.

காற்றாடி நின்ற பிறகும் அலை இருந்தால் ஒரு தடித்த துண்டை எடுத்து, சந்தேகப்படும் சுரத்தைத் தவிர மற்ற எல்லாவற்றின் மேலும் பரப்புங்கள். இப்போது தட்டுங்கள். அலை போய்விட்டதா? அப்படியானால் தகராறு இரண்டு சுரங்களுக்கு நடுவில். துண்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கிக்கொண்டே வந்தால் எந்தச் சுரம் வெளிப்படும்போது அலை திரும்புகிறது என்று தெரிந்துவிடும்.

பெரும்பாலும் அது அதே சுரத்தின் மேல் ஸ்தாயியாக இருக்கும். இன்றைய டெனர் பான்களில் பரவலாக உள்ள அமைப்பு டிரினிடாட்டுப் பான் கலைஞர் டோனி வில்லியம்ஸ் வகுத்த நாலாம் ஐந்தாம் சுர அமைப்பு. வெளிவட்டத்தில் சி சுரத்துக்குப் பக்கத்தில் ஒருபுறம் ஜி, மறுபுறம் எஃப். சி சுரத்துக்கு நேர் உள்ளே அடுத்த ஸ்தாயி சி, அதற்கும் உள்ளே இன்னொன்று. உறவுள்ள சுரங்கள் அருகருகே இருப்பதால் ஒன்றைத் தட்டினால் மற்றதும் சேர்ந்து பாடும், கருவிக்கு இனிமை கூடும். சுவரோடு சுவர் ஒட்டிய லிங்க் வீட்டில் பக்கத்து வீட்டுச் சத்தம் சுவர் வழியே வருவது போலத்தான், உறவு சரியாக இருக்கும்வரை தொல்லை தெரியாது.

கணக்கு இப்படி. கீழ் சியின் உள்ளே எழும் மேலொலி 526ல் நிற்கிறது, உள்வட்டச் சி 523ல் நிற்கிறது என்று வையுங்கள். வித்தியாசம் 3 ஹெர்ட்ஸ். நொடிக்கு மூன்று முறை ஒலி ஏறி இறங்கும். சுருதி அளவில் அது பத்து செண்ட்தான் (அரைச் சுரத்தின் நூறில் ஒரு பங்கு ஒரு செண்ட்), ஆனால் காதுக்குப் பளிச்சென்று தெரியும்.

எது விலகியிருக்கிறது என்று கண்டுபிடிக்கவும் ஒரு வழி உண்டு. கீழ் சியின் புடைப்பு நடுவில் விரல் நுனியை மெல்ல வைத்துக்கொண்டு, நீளவாட்டில் ஓரத்துக்குப் பக்கமாகத் தட்டுங்கள். நடுவில் விரல் இருப்பதால் அடிப்படை ஒலி அடங்கி, மேல் ஸ்தாயி மட்டும் மெலிதாகக் கேட்கும். அதை டியூனர் செயலியில் பாருங்கள். பிறகு உள்வட்டச் சியைத் தனியாகத் தட்டி அதையும் பாருங்கள். இரண்டு எண்களையும் குறித்து வைத்தால் டியூனருக்கு வேலை பாதி குறையும்.

எல்லா அலையும் குறை இல்லை. மெதுவாக, ஒரு நொடிக்கும் மேல் எடுத்து ஏறி இறங்கும் அசைவு இருந்தால் நான் அதைத் தொடவே மாட்டேன். பாலித்தீவின் காமெலான் இசைக்குழுவில் இரண்டிரண்டு கருவிகளை வேண்டுமென்றே சற்று விலக்கிச் சுருதி சேர்ப்பார்கள், அதில் எழும் ஒம்பாக் என்ற அலையில்தான் அவர்களின் இசைக்கு உயிர். பானில் அந்த வேகத்தில் அலை வந்தால் அழகில்லை. ஆனாலும் துளியும் அசையாத பானைத் தேடிக்கொண்டிருந்தால் வாசிக்க நேரம் இருக்காது.

துண்டு போர்த்திய பிறகும் அலை நிற்கவில்லையென்றால் குறை அந்த ஒரே சுரத்துக்குள் இருக்கிறது. அடிப்படையும் மேலொலியும் ஒத்துப்போகவில்லை. வீட்டில் செய்ய ஒன்றும் இல்லை.

"டியூனர் செயலி தப்புக் காட்டுகிறது"

செயலி எந்த ஒலியைப் பிடித்தது என்று முதலில் பாருங்கள். பலமாகத் தட்டினால் அது மேல் ஸ்தாயியையோ அதற்கும் மேலே உள்ள ஐந்தாம் சுரத்தையோ பிடித்துக்கொண்டு வேறு ஸ்தாயியையோ வேறு எழுத்தையோ காட்டும். மெதுவாகத் தட்டி, முதல் அடியின் சத்தம் அடங்கிய பிறகு முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். செயலியின் ஏ சுரம் 440ல் இருக்கிறதா என்பதையும் உறுதிசெய்யுங்கள்.

எல்லாச் சுரங்களும் ஒரே அளவில் இறங்கியிருந்தால் சூடு காரணமாக இருக்கலாம், அல்லது அந்தப் பானையே வேறு அளவுக்குச் சுருதி சேர்த்திருக்கலாம். தனியாக வாசிப்பவருக்கு அது பிரச்சினையே இல்லை, கீபோர்டோடு வாசிப்பவருக்குத்தான் தலைவலி. ஒன்று மட்டும் விலகியிருந்தால், என் அளவுகோல் இது: மூன்று நான்கு செண்ட் வரை விட்டுவிடலாம், பத்தைத் தாண்டினால் டியூனரைத் தேட வேண்டும், நடுவில் இருப்பதைக் காதுதான் தீர்மானிக்க வேண்டும்.

புதுப் பானின் சுருதி முதல் ஆண்டில் கொஞ்சம் நகர்வது இயல்பு. சுத்தியலும் நெருப்பும் பட்ட தகடு வாசிக்க வாசிக்கத்தான் அடங்கும். அதற்குப் பிறகு ஒருமுறை டியூன் செய்வது வழக்கம். வந்த முதல் வாரத்திலேயே ஒரு சுரம் பத்து செண்ட் விலகியிருந்தால் அதை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

"தம்புராவோடு சேர்த்தால் மட்டும் காந்தாரம் ஒட்டவில்லை"

நம்மவர்களிடமிருந்து மட்டுமே வரும் புகார் இது. கர்நாடக இசை கற்ற பிள்ளை, கைப்பேசியில் தம்புராவைப் போட்டு, சியை சட்ஜமாக வைத்து சங்கராபரணம் வாசிக்கும். பஞ்சமம் சுகமாக உட்காரும். அந்தர காந்தாரம் மேலே நிற்கும். சதுசுருதி தைவதமும் அப்படியே. பான் கெட்டுவிட்டது என்று அம்மாவிடம் சொல்லும்.

பான் கெடவில்லை. பிள்ளையின் காதும் சரியாகவே இருக்கிறது. பான், ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காக்கும் மேற்கத்திய சம இடைவெளி முறையில் சுருதி சேர்த்தது. அதில் காந்தாரமாக வரும் இ சுரம் சியிலிருந்து 400 செண்ட். தம்புராவின் கம்பியில் தானாக எழும் அந்தர காந்தாரம் 386 செண்ட். பதினான்கு செண்ட் வித்தியாசம். தைவதத்தில் வித்தியாசம் பதினாறு, காகலி நிஷாதத்தில் பன்னிரண்டு, பஞ்சமத்தில் வெறும் இரண்டு. தம்புரா மௌனமாக இருக்கும்போது காது இதை மன்னித்துவிடும், ஒலிக்கும்போது மன்னிக்காது. ஆர்மோனியத்தின் மேல் நூறாண்டாக இருந்துவரும் அதே குறைதான்.

இதற்காக டியூனரிடம் காந்தாரத்தை இறக்கச் சொல்லாதீர்கள். ஒரு ராகத்துக்கு இனித்து மற்ற எல்லாவற்றுக்கும் கசக்கும். தம்புராவுக்குப் பதில் வெறும் சட்ஜத்தை, மேலொலி குறைவான ஒலியில், மெதுவாகப் பின்னால் ஓடவிடுங்கள். அல்லது அந்தக் காந்தாரம் சதுசுருதி ரிஷபமாகவோ பஞ்சமமாகவோ வரும்படி சட்ஜத்தை வேறு சுரத்துக்கு மாற்றிப் பாருங்கள். ரிஷபத்தில் நான்கு செண்ட்தான் உறுத்தும். மற்றபடி கமகம் இல்லாத கருவியில் சங்கராபரணம் எவ்வளவு தூரம் போகும் என்பது தனிப் பேச்சு.

"பலமாக அடித்தால் மட்டும் சுருதி வழுக்குகிறது"

பலமாக அடிக்காதீர்கள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. தகட்டின் புடைப்பு பெரிதாக அசையும்போது அதன் சுருதியே மாறும், அசைவு அடங்கும்போது சரியான இடத்துக்கு வரும். நடுத்தர அடியிலும் வழுக்கினால் மட்டும் கவலைப்படுங்கள். உறுமி மேளம் அடித்துப் பழகிய கைகளுக்கு இதைப் புரியவைப்பது கொஞ்சம் சிரமம்.

வழியில் அடிபட்டதா என்று பார்க்க

குரோம் போட்ட பானை டியூப் லைட்டின் கீழே பிடித்து மெதுவாகச் சாயுங்கள். விளக்கின் கோடு சுரத்தின் மேல் வழுவழுப்பாக வளைந்து ஓட வேண்டும். ஓரிடத்தில் மட்டும் கோடு ஒடிந்து குதித்தால் அங்கே அடிபட்டிருக்கிறது. சந்தேகமான சுரத்துக்கு நேர் கீழேயும் பாருங்கள். அடிகோல்களைக் குழிக்குள் போட்டு மூடி அனுப்பியிருந்தால் வழியெல்லாம் அவை பானை அடித்துக்கொண்டே வந்திருக்கும்.

அடிபட்ட தடம் இருந்தால் மேற்கொண்டு வாசிக்காமல், படத்தோடு விற்றவருக்கு எழுதுங்கள். உள்ளூர் வியாபாரி கைவிரித்தால் மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும், மனுக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை. வெளிநாட்டு விற்பனையாளர் என்றால் நீங்கள் பணம் கட்டிய தளத்தின் திருப்பி அனுப்பும் கெடுவை நழுவவிடாதீர்கள்.

டியூனரிடம் போகும்போது

ஸ்டீல்பான் டியூனர் நம் ஊரில் தெருவுக்குத் தெரு கிடைக்கமாட்டார். ஹேண்ட்பான் (கையால் தட்டி வாசிக்கும் இரும்புக் கருவி) சுருதி சேர்ப்பவர் ஒருவர் கிடைத்தால், ஸ்டீல்பானில் கை வைத்த அனுபவம் உண்டா என்று கேளுங்கள். தகடும் சுத்தியலும் ஒன்றுதான் என்றாலும் ஹேண்ட்பானில் சுரங்கள் எட்டு ஒன்பது, தள்ளித் தள்ளி இருக்கும். டெனர் பானில் இருபத்தெட்டு, தோளோடு தோள் ஒட்டி நிற்கும்.

ஒலிப்பதிவு அனுப்பச் சொல்வார். வாட்சப் குரல் பதிவு மனிதப் பேச்சுக்காகச் செய்தது. இரைச்சலை அடக்குகிறேன் என்று சுரத்தின் வாலைத்தான் முதலில் வெட்டும், நாம் கேட்க வேண்டியதோ அந்த வால். கைப்பேசியின் ஒலிப்பதிவுச் செயலியில் பதிந்து, ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். காற்றாடி, ஏர்கோன் இரண்டையும் நிறுத்திவிட்டு, சந்தேகச் சுரத்தை மெதுவாக, நடுத்தரமாக, கொஞ்சம் பலமாக என்று தட்டுங்கள். ஒவ்வொரு அடியும் முழுதாக அடங்கும்வரை காத்திருங்கள். பிறகு அதன் மேல் ஸ்தாயியைத் தனியாக, இரண்டையும் சேர்த்து, துண்டு போர்த்தி ஒருமுறை. "இந்தச் சுரத்தை ஏற்றிக் கொடுங்கள்" என்று நீங்களே மருந்து சொல்ல வேண்டாம். "இந்தச் சியும் அந்தச் சியும் மோதுகின்றன, துண்டு போட்டால் அடங்குகிறது" என்று நோயை மட்டும் சொல்லுங்கள். எதை ஏற்றுவது, எதை இறக்குவது என்பது அவர் கைக்குத் தெரியும்.

கொண்டுபோகும்போது குழிக்குள் எதையும் வைக்காதீர்கள், துண்டைக்கூட. அடிகோல்கள் தனிப் பையில் இருக்கட்டும். காரின் பின்பெட்டியில் போடாமல் பின் இருக்கையில் வையுங்கள். பினாங்குப் பாலத்தில் நெரிசலில் மாட்டினாலும் ஏர்கோனை அணைக்க வேண்டாம். போய்ச் சேர்ந்ததும் அரை மணி நேரமாவது பான் அந்த அறையிலேயே இருந்த பிறகு அவர் முதல் தட்டு தட்டட்டும்.